நெல் இங்கே, மில் அங்கே

போன காலபோக அறுவடைக்கு கிளிநொச்சி முரசுமோட்டையில் மாமாவின் வயலில் நின்றேன். வெட்டு மெசின் கரையேறி அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, லொறி வந்துவிட்டது. வியாபாரி இறங்கி, குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி நெல் எடுத்தார். இரண்டு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார். "ஈரம் கூட, அண்ணை" என்றார். விலை அந்த இடத்திலேயே இறங்கியது. மாமா வானத்தைப் பார்த்தார். இரணைமடுக் குளத்துப் பக்கம் கறுத்துக் கிடந்தது. உரக்கடைப் பாக்கி, மெசின் கூலி, அடகில் கிடக்கும் மாமியின் காப்பு. "சரி, ஏத்துங்கோ" என்றார்.

அந்த லொறி வவுனியா, மதவாச்சி தாண்டிப் பொலன்னறுவைப் பக்கத்து மில் ஒன்றுக்குப் போகும். சில மாதம் கழித்து அதே மாமா கிளிநொச்சிக் கடையில் அச்சடித்த பையில் அரிசி வாங்குவார்.

உயர்தரத்தில் புவியியல் படித்தவர்களுக்கு ஜேர்மன்காரர் அல்பிரட் வெபரை நினைவிருக்கும். ஒரு பொருளைப் பதப்படுத்தும்போது எடை குறையுமென்றால், ஆலை அது விளையும் இடத்துக்குப் பக்கத்தில் அமைவதுதான் இலாபம் என்று 1909இல் சொன்னவர். கழிவுக்கும் சேர்த்து யார் லொறிக்கூலி கொடுப்பார்கள்? நெல் அப்படியான பொருள்தான். 100 கிலோ குத்தினால் அரிசி 65 கிலோ அளவில் வரும், உமி 20 கிலோ அளவில் போகும், மிச்சம் தவிடு. அந்தக் கணக்கின்படி இரணைமடுத் தண்ணீர் பாயும் இந்த மண்ணில்தான் பெரிய மில்கள் நிற்க வேண்டும்.

வன்னியில் அந்தக் கணக்குச் சரிவந்த காலமும் உண்டு. 1950களில் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை அமைந்ததற்குக் காரணம் இருந்தது. ஆனையிறவு உப்பளம் பக்கத்தில், ரயில் பாதை பக்கத்தில். உப்புக் கரைசலுக்குள் மின்சாரத்தை விட்டால் ஒரு பக்கம் கோஸ்டிக் சோடா, மறுபக்கம் குளோரின். ஒட்டுசுட்டானில் நல்ல களிமண் இருந்தது, ஓட்டுத் தொழிற்சாலை வந்தது. எண்பதுகளில் போர் பரந்தனை நிறுத்தியது. இன்று அந்தப் பெயரிலுள்ள அரச நிறுவனம் குளோரினை வெளிநாட்டிலிருந்து இறக்கி நீர் வழங்கல் சபைக்குக் கொடுக்கிறது. உப்பளம் திரும்ப இயங்குகிறது, ஆனால் உப்பு உப்பாகவே வெளியே போகிறது. முல்லைத்தீவு ரோட்டால் போகும்போது அந்த இடிந்த கட்டடங்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் மனது கனக்கும்.

சரி, நெல்லுக்கு வருவோம். தண்ணீர் இருக்கிறது, காணி இருக்கிறது, 2009க்குப் பிறகு ரோடும் மின்சாரமும் வந்தன, 2013இல் கிளிநொச்சிக்கு ரயிலும் வந்தது. பிறகும் ஏன் மில் அங்கேயே நிற்கிறது? என் எண்ணத்தில் பதில் அறுவடை நடக்கும் அந்த இரண்டு மூன்று கிழமைக்குள்தான் இருக்கிறது. மெசின் வெட்டிய நெல்லில் ஈரம் அதிகம். அரசாங்கம் வாங்குவதென்றால் ஈரம் 14 வீதத்துக்குள் இருக்க வேண்டும். இங்கே காயவைக்க எங்களுக்கு இருப்பது தார் ரோடுதான். பாதி ரோட்டில் நெல், மீதியில் பஸ். மாமி ஒரு தடியால் கிண்டிக்கொண்டே நிற்பார், மழை இருட்டினால் படங்கை இழுத்துக்கொண்டு ஓடுவார். உலர்த்தி இல்லை, களஞ்சியம் இல்லை, இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கையில் காசும் இல்லை. பெரிய மில்காரரிடம் இந்த மூன்றும் இருக்கின்றன. அறுவடைக் காலத்தில் மலிவாக வாங்கி, மாதக்கணக்கில் வைத்திருந்து குத்துகிறார். உமியைச் சுமக்கும் லொறிக்கூலியெல்லாம் அந்த இலாபத்துக்கு முன்னால் தூசு. வெபரின் கணக்கில் பாரமும் தூரமும் கூலியும் இருக்கின்றன, மாமாவின் அவசரம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் ஊரில் சின்ன மில் நடத்தும் ஒருவர் சொன்னார்: உமி நீக்கும் ரப்பர் றோலர் தேய்ந்தால் மாற்று வாங்க வவுனியாவுக்கோ அநுராதபுரத்துக்கோ ஓட வேண்டும், அன்றைக்கு மில் பூட்டு. மில்கள் நெருங்கி நிற்கும் ஊரில் உதிரிப்பாகக் கடையும் கொதிகலன் மெக்கானிக்கும் தரகரும் அடுத்த தெருவில் இருப்பார்கள். ஒரு தொழில் ஓரிடத்தில் வேர்விட்டால் அதன் நுணுக்கம் அந்த ஊர்க் காற்றிலேயே கலந்துவிடும் என்று பொருளியலாளர் அல்பிரட் மார்ஷல் 1890இலேயே எழுதிவிட்டார். வன்னி முப்பது வருடம் அந்தக் காற்றை இழந்து நின்ற ஊர்.

போருக்குப் பிறகு இங்கே வந்த பெரிய பக்டரிகள் ஆடைத் தொழிற்சாலைகள்தான். விடியமுன் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பிள்ளைகளை நாளும் பார்க்கிறேன். அந்தச் சம்பளத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் துணி கொழும்பிலிருந்து வருகிறது, உடுப்பு கொழும்புக்கே போகிறது. வன்னி கொடுப்பது கைகளை மட்டும். அந்த பக்டரியால் பக்கத்தில் இன்னொரு தொழில் முளைத்து நான் காணவில்லை. ஒரு நெல் மில் அப்படியல்ல. தவிடு கோழித்தீனுக்குப் போகும், உமி நெல் அவிக்கும் அடுப்புக்குப் போகும், சாக்குக்கடை வரும், லொறி திருத்தும் கராஜ் வரும்.

காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் என்று கைத்தொழில் வலயங்கள் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். வரட்டும், மனதார வரவேற்கிறேன். ஆனால் காணியை ஒதுக்கி வேலி அடித்தால் தொழில் வந்துவிடாது. முதலில் அந்த வலயத்துக்குள் பெரிய உலர்த்தியும் களஞ்சியமும் வர வேண்டும். நெல்லை வைத்துவிட்டு, அந்த ரசீதைக் காட்டி அன்றைக்கே கடன் எடுக்க முடிய வேண்டும். அந்த முறை இலங்கையில் ஏற்கனவே இருக்கிறது, மாமாவின் வரம்பு வரைக்கும்தான் அது வந்து சேரவில்லை. அடுத்தது கச்சான். முல்லைத்தீவுக் கச்சானைக் கோதோடு மூடை மூடையாக அனுப்பிவிட்டு, வறுத்துப் பொதிசெய்ததைக் கடையில் வாங்கித் தின்கிறோம். அதற்குப் பெரிய முதல்கூடத் தேவையில்லை.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளே, ஊர்க் கோயிலுக்கு நீங்கள் அள்ளிக் கொடுப்பதை அறிவேன். கண்டாவளை, முரசுமோட்டைப் பக்கம் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றோடு சேர்ந்து ஒரு உலர்த்தி போட முடியுமா என்று நாங்கள் சிலர் பேசத் தொடங்கியிருக்கிறோம். நெல் உலர்த்தி ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள், உமியால் எரிப்பதா டீசலா, ஒரு தொன்னுக்கு என்ன செலவு வருகிறது என்று கீழே எழுதுங்கள். மாசிக்கு முன் அந்தக் கணக்கு எங்கள் கையில் வேண்டும்.