திட்டில் இறக்கிவிட்டுப் போகிறவர்கள்

லண்டனில் இருக்கும் நண்பன் ஒருவனோடு, அடைக்கலம் கேட்டு வருகிறவர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப பிரிட்டன் போட்ட ருவாண்டா திட்டத்தை வைத்து வாட்ஸ்அப்பில் பெரிய சண்டை. அந்தத் திட்டம் 2024 ஜூலையிலேயே முடிந்துபோன கதை. ஆனாலும் அதைக் கைவிட்டது தப்பு என்று இன்னும் பொருமுகிறான். அவன் யார் என்று சொன்னால்தான் இந்தச் சண்டை புரியும். 1990 இலங்கைப் போரில் தலைமன்னார் பக்கமிருந்து படகேறி, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் அகதி முகாமுக்கு வந்த குடும்பம். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். இன்று பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கிறான். "நாங்கள் உயிருக்குப் பயந்து வந்தனாங்கள். இப்ப வாறவை காசுக்கு வருகினம். எல்லாரையும் எடுத்தா நாடு தாங்குமோடா மச்சான்?" என்கிறான்.

சரி, மறந்தவர்களுக்காக. 2022 ஏப்ரலில் போரிஸ் ஜான்சன் அறிவித்தார். ஆங்கிலக் கால்வாயைச் சின்னப் படகுகளில் கடந்து வந்து அடைக்கலம் கேட்பவர்களை விமானத்தில் ஏற்றி ருவாண்டாவுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்களுடைய மனுவை இங்கிலாந்து விசாரிக்காது, ருவாண்டாதான் விசாரிக்கும். அகதி என்று ஒத்துக்கொண்டாலும் அங்கேயேதான் இருக்க வேண்டும். அந்த விமானம் கிளம்புவதைப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் பார்ப்பதுதான் என் கனவு என்றார் உள்துறை அமைச்சராக இருந்த சுவெல்லா பிரேவர்மன். அவருடைய அம்மா மொரீஷியஸ் தமிழ்க் குடும்பம் என்று நம்மூரில் சிலர் பெருமைப்பட்டதும் உண்டு. என்னத்தைச் சொல்ல!

2022 ஜூனில் கிளம்ப இருந்த முதல் விமானத்தை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கடைசி நேரத்தில் நிறுத்தியது. 2023 நவம்பரில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் திட்டமே சட்டவிரோதம் என்றது. காரணம்தான் கவனிக்க வேண்டியது. இதற்கு முன் இஸ்ரேல் இதே மாதிரி ஆட்களை ருவாண்டாவுக்கு அனுப்பியிருக்கிறது. போனவர்களை அங்கே தங்கவிடாமல் உகாண்டா பக்கம் கள்ளத்தனமாகத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். இது தீர்ப்பிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகும் ருவாண்டா பத்திரமான நாடுதான் என்று 2024இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது! கடைசியில் 70 கோடி பவுண்ட் செலவு என்று அடுத்து வந்த அரசு சொன்னது. போனவர்கள் நான்கே பேர், அதுவும் தாங்களாகச் சம்மதித்து.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தனுஷ்கோடி மணல் திட்டுகள்தான் நினைவுக்கு வரும். இலங்கை நெருக்கடியில் 2022 மார்ச்சிலிருந்து ஆட்கள் வந்தார்களே, அப்போது அடிக்கடி நடந்தது இது. ராத்திரியில் பைபர் படகில் ஏற்றிவருவான் ஏஜெண்ட். "இந்தியா வந்திட்டுது, இறங்குங்கோ" என்று இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவான். விடிந்து பார்த்தால் நாலு பக்கமும் கடல். அது ஊர் இல்லை, திட்டு. நிழல் கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. பத்து மணி வெயிலில் மணல் காலை வைக்கவிடாது. கைக்குழந்தையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, சேலையை வீசி வீசிக் கூப்பிடுவார்கள். நம் மீனவர் யாராவது பார்த்து மரைன் போலீசுக்குச் சொன்னால் உண்டு. கோஸ்ட் கார்டின் ஹோவர்கிராஃப்ட் போய் ஏற்றிவரும்.

ஏஜெண்டைத் திட்டுகிறோம். திட்ட வேண்டியதுதான். காசை வாங்கிக்கொண்டு, கேட்ட இடத்துக்குக் கொண்டுபோகாமல், பொறுப்பு முடிந்தது என்று நடுவில் இறக்கிவிட்டுப் போகிறான். ருவாண்டா திட்டத்தில் ஏஜெண்டுக்குப் பதில் ஒரு அரசு, அவ்வளவுதான். இறக்கிவிடுவது அதேதான்.

நண்பனின் கேள்வியையும் தள்ளிவிட முடியாது. 2021 நவம்பரில் ஒரே படகு கவிழ்ந்து கால்வாயில் குறைந்தது 27 பேர் செத்தார்கள். வருகிறவர்களில் அகதி அல்லாதவர்களும் இருப்பார்கள். ஆனால் பயமுறுத்தினால் வரமாட்டார்கள் என்பதுதானே திட்டத்தின் கணக்கு? அறிவித்த அந்த 2022ஆம் வருடத்தில்தான் 45,000 பேருக்கு மேல் வந்தார்கள், அதுவரை இல்லாத அளவு. அடுத்த வருடம் குறைந்ததே என்பான். குறைந்தது, நிஜம். அதில் பெரும்பங்கு அல்பேனியர்கள். 2022இல் 12,000க்கு மேல் வந்தவர்கள், 2023இல் ஆயிரத்துக்குள் இறங்கினார்கள். அல்பேனியாவோடு ஒப்பந்தம் போட்டு, மனுக்களைச் சீக்கிரம் விசாரித்து, தகுதி இல்லாதவர்களைச் சொந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். நான் கேட்பதும் இதைத்தான். கரையேறியவன் சொல்வதைக் கேள். உண்டு, இல்லை என்று ஒரு முடிவைச் சொல். இல்லை என்றால் திருப்பி அனுப்பு. கேட்காமலேயே இன்னொருவன் வாசலில் கொண்டுபோய் விடாதே.

இங்கிருந்து போனவர்கள் கதையும் இருக்கிறது. 2021 அக்டோபரில் கனடாவுக்கென்று கிளம்பிய மீன்பிடிப் படகு ஒன்று நடுக்கடலில் ஓட்டை விழுந்து தத்தளித்தது. அதில் இருந்த தமிழர்களை பிரிட்டிஷ் கடற்படை மீட்டு, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் தியாகோ கார்சியா தீவில் விட்டது. அமெரிக்க ராணுவத் தளத்துக்காக, அங்கேயே வாழ்ந்த ஜனங்களைக் காலிசெய்த தீவு அது. கூடாரங்களில் மூன்று வருடம். மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற சிலரைச் சிகிச்சைக்கென்று எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? ருவாண்டாவுக்கு. 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோரை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போனார்கள். அவர்களை அடைத்து வைத்ததே சட்டவிரோதம் என்று அதே மாதம் தீர்ப்பும் வந்தது.

அந்தப் படகு புறப்பட்டது தென்னிந்தியக் கரையிலிருந்து. 2014இல் ஆஸ்திரேலியா நடுக்கடலில் பிடித்து, கடைசியில் பசிபிக் கடலில் இருக்கும் நவ்ரு தீவுக்கு அனுப்பிய 157 தமிழர்களின் படகு கிளம்பியது புதுச்சேரியிலிருந்து. இந்தியாவில் இருந்த ஈழத் தமிழர்கள் ஏன் மறுபடி கடலில் இறங்கினார்கள்? நவ்ருவைத் திட்டிப் பதிவு போடுகிற நாம் இதைக் கேட்டுக்கொண்டதில்லை.

ஆட்களைக் கணக்குப் போட்டுப் பிரிப்பது நமக்குப் புதிதும் இல்லை. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்துப் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். அப்படி வந்தவர்கள் கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகத்தான் போனார்கள்.

இன்றும் இந்தியாவில் அகதிகளுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடம் கொடுக்கவில்லை. 2021இல் தமிழ்நாடு அரசு அகதி முகாமின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, உதவித்தொகையையும் கூட்டியது. நல்லதுதான். அதிகாரிகள் வந்து தலையெண்ணும் செக்கிங் அன்று ஆள் முகாமில் இருந்தாக வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டார். 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் சட்டப்படியே இந்தியக் குடிமகள். ஆனாலும் கொடுக்கவில்லை. மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2022இல் உத்தரவு போட்ட பிறகுதான் கிடைத்தது. 2024 தேர்தலில், 38 வயதில், முதல் ஓட்டுப் போட்டார். இதை நண்பனுக்கு அனுப்பினேன். "அதாலதான் மச்சான் நான் அங்கயிருந்து வெளிக்கிட்டனான்" என்று பதில் வந்தது. அப்படியென்றால் இப்போது படகில் வருகிறவனை மட்டும் ஏன்டா காசுக்கு வருகிறவன் என்கிறாய் என்று கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் கமெண்டில் போடுகிறேன்.