ஃபேமிலி கேம்ப்புன்னு சொல்லி அடுப்படியைத் தூக்கிட்டுப் போகாதீங்க

மகன் எட்டாப்பு படிக்கான், சாரணர் படையில இருக்கான். பொங்கல் முடிஞ்ச அடுத்த சனிக்கிழமை, பெத்தவங்களும் வரலாம்னு ஒரு ராத்திரி கேம்ப் வச்சாங்க. எங்க திருநெல்வேலிப் பக்கம் முண்டந்துறை, காரையாறு எல்லாம் புலிகள் காப்பகம். நெனச்ச எடத்துல டென்ட் அடிச்சு அடுப்பு மூட்ட முடியாது. அதனால கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஆத்தங்கரையை ஒட்டித் தெரிஞ்சவங்க தென்னந்தோப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் பிசானப் பருவத்து நெல்லு பச்சைப் பசேல்னு நிக்கி.

நாலு நாளைக்கு முன்னாடியே வாட்ஸ்அப் குரூப்ல அமளி. புளியோதரை யாரு, முறுக்கு யாரு, ராத்திரிக்குப் பரோட்டா சால்னா வாங்கிரலாமா? நானும் லேசுப்பட்டவ இல்ல, பொடி தடவின இட்லி நாப்பது கட்டிட்டுப் போனேன்.

அஞ்சு மணிக்குத் தோப்பைப் பாக்கணுமே. அம்மாமார் கேஸ் அடுப்பைச் சுத்தி உக்காந்து வெங்காயம் உரிக்கோம். அப்பாமார் டென்ட் அடிக்காங்க, ஆளுக்கொரு யோசனை. கேம்ப்புக்குன்னு வந்த பிள்ளைக ஓரமா கிரிக்கெட் ஆடுது. எங்க டென்ட்டுக்கு மட்டும் மூணு தடவை முளை பிடுங்கிட்டு வந்துச்சு. எம்மவன் வந்து பாத்தான். "ஆத்து மணல்ல முளை நிக்காதுப்பா, இங்கன குடுங்க"ன்னு வாங்கி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, கயித்தை ஒரு கட்டையில கட்டி, அதைப் படுக்க வச்சு மூடி மிதிச்சான். இழுத்துப் பாத்தேன், அசையல. வீட்ல இவன் போர்வைய மடிச்சு நான் பாத்ததே கெடையாது.

அப்பத்தான் சாரணர் சார் விசில் ஊதினாரு. "இனிமே பெரியவங்க யாரும் அடுப்புப் பக்கம் வரக் கூடாது. சாப்பிட மட்டும் கூப்பிடுவோம்." ரெண்டு அப்பாவுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. எனக்குக் கை பரபரன்னு இருக்கு. பயலுவ சாம்பார்ல புளியை மொதல்லயே கரைச்சு ஊத்துதானுவ, கத்திரிக்கா வேகுமா? நாக்கைக் கடிச்சிட்டு உக்காந்திருந்தேன். பத்து மணிக்குச் சோறு வந்துச்சு. சோறு கொழஞ்சு, கத்திரிக்கா நறுக்கு நறுக்குன்னு. யாரும் மிச்சம் வைக்கல.

சாரணியத்தை ஆரம்பிச்ச பேடன் பவல் 1907ல இங்கிலாந்துல பிரவுன்சீ தீவுக்குப் பையன்களைக் கூட்டிட்டுப் போனப்பவே நாலு அணியாப் பிரிச்சு, அணிக்கு ஒரு பையனைத்தான் தலைவனாப் போட்டாரு. சாரணியத்துக்கு உயிரே அதுதான். நாம கூடப் போயி வெங்காயம் உரிச்சா அந்த உயிரை எடுத்துருதோம்.

குடும்பமா வெளிய தங்குறது நம்ம ஊருக்குப் புதுசும் இல்ல. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயில்ல குடில் போட்டுத் தங்காத குடும்பம் எங்க தெருவுலயே கம்மி. இப்ப வனத்துறை நாள்கணக்கு வச்சிருக்கு. நான் சின்னப் பிள்ளையா இருக்கையில ஒரு வாரம்கூடக் கெடந்திருக்கோம். கண்ணை மூடுனா ஆத்துச் சத்தம் இப்பவும் கேக்கும். எங்கம்மாட்ட கேட்டா வேற கதை. "நான் எங்கட்டி ஆத்தைப் பாத்தேன்? ஒங்கப்பா கூட்டம் இருபது பேருக்கு ஆக்கிப் போட்டே பொழுது போயிரும்." மூணு கல்லு, புகை, அவ்வளவுதான் அவளுக்குச் சொரிமுத்தையனார்.

அதுக்காக ஃபேமிலி கேம்ப்பே வேண்டாம்னு சொல்லல. பொம்பளப் பிள்ளைகளை ராத்திரித் தங்கலுக்குத் தனியா அனுப்ப நெறைய வீட்ல இன்னும் சம்மதிக்க மாட்டாங்க. அம்மா அப்பா கூட வரலாம்னு சொன்னதுனாலதான் சாரணியர் பிள்ளைக அஞ்சாறு பேரு இந்தத் தடவை வந்தாங்க. கேம்ப் ஃபயர்ல அவங்க போட்ட ஆட்டம் இருக்கே! அதனால போங்க, கண்டிப்பாப் போங்க. கரண்டியை மட்டும் வீட்ல வச்சுட்டுப் போங்க.

காலைல டென்ட்டெல்லாம் பனியில நனைஞ்சு சொட்டுது. எந்திரிக்கப் போனேன். "எம்மா, நீ படு, காப்பி வருது"ங்கான். கருப்பட்டிக் காப்பி, ஒரே புகை வாடை. குடிச்சுட்டு ஆறரைக்கெல்லாம் ஆத்துல போயி விழுந்தேன். யாருக்கும் எதுவும் ஆக்க வேண்டாம்னு ஒரு மணி நேரம் தண்ணிக்குள்ள கெடந்தது கல்யாணத்துக்கு அப்புறம் இதுதான் மொதல் தடவை. இட்லி பதினேழு மிச்சம், வீட்டுக்கே வந்துருச்சு.

இன்னைக்குக் காலைல குரூப்ல ஒரு அப்பா கேக்காரு, அடுத்த கேம்ப்புக்குப் பிரியாணி மாஸ்டர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போயிருவோமான்னு. பன்னெண்டு பேரு கட்டைவிரல் போட்டுருக்காங்க.