எபூசியர் அழிக்கப்பட்டார்களா?

மோசேக்குப் பின் இஸ்ரவேலரை நடத்திய யோசுவாவின் காலத்திலேயே, எருசலேமில் இருந்த எபூசியர் என்ற ஜனம் ஒருவர் விடாமல் அழிக்கப்பட்டார்கள் என்று மேலே ஒரு பதிவு இருக்கிறது, பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். மன்னிக்கவும், வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. யோசுவா 10-ல் எருசலேமின் ராஜா கொல்லப்படுவது உண்மை, குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் ராஜா செத்தான் என்பதால் ஜனமே போய்விட்டது என்று ஆகாதே. அதே புத்தகத்தில் 15:63-ஐப் பாருங்கள், எபூசியரை யூதா புத்திரரால் துரத்த முடியவில்லை, 'இந்நாள்மட்டும்' (அதாவது அந்தப் புத்தகம் எழுதப்பட்ட நாள் வரைக்கும்) கூடவே குடியிருக்கிறார்கள் என்று இருக்கிறது. நியாயாதிபதிகள் 1:21-ல் பென்யமீன் கோத்திரத்தைப் பற்றியும் இதே செய்திதான்.

அப்புறம் 2 சாமுவேல் 24. யோசுவாவுக்கு வெகுகாலம் பின் வந்த தாவீது ராஜா பலிபீடம் கட்டப் போகும் இடம் அர்வனா என்ற எபூசியனுடைய போரடிக்கிற (கதிரடிக்கிற) களம். அவன் களத்தையும் மாடுகளையும் சும்மாவே தருகிறேன் என்கிறான், தாவீது மறுத்து 50 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்குகிறார். சாலொமோன் ஆலயம் கட்டியது அந்தக் களத்தில்தான், 2 நாளாகமம் 3:1-ல் அவன் பெயர் ஒர்னான் என்று வரும். வீட்டில் இருக்கிற வேதாகமத்தை எடுத்து இந்த நாலு இடத்தையும் வாசித்துப் பாருங்கள், பத்து நிமிஷம்கூட ஆகாது. முடிந்தால் அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கள்.