இரண்டு நிமிடக் காணொளியும் பதினைந்து வயதுப் பிள்ளையும்

சனிக்கிழமை இரவு நடந்ததைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். மூன்று நாள் பொறுத்தும் பார்த்தேன். ஆனால் அந்த இரண்டு நிமிடக் காணொளி இன்று காலை ஐந்தாவது தடவையாக, இம்முறை கனடாவில் இருக்கும் என் மச்சான் வழியாக, சிரிக்கும் முகங்கள் நான்குடன் என் கைபேசிக்கு வந்து சேர்ந்தபோது, இனியும் வாய் மூடியிருந்தால் அதற்குப் பெயர் பொறுமையாக இராது என்று தோன்றியது. பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் தயவுசெய்து தேடிப் பார்க்க வேண்டாம்; நம் ஊரில் பிள்ளைகளுக்குக் கால்பந்து இறுதியாட்டம் காட்டிய இடத்தில், ஒரு பெரியவர் ஒலிவாங்கியைப் பிடித்து, என்னிடம் பயிலும் பிள்ளை ஒருவனின் கணிதப் புள்ளியைக் கேட்க, கூட்டம் சிரித்ததுதான் அதில் இருக்கிறது. அதில் தலை குனிந்து நிற்கும் பிள்ளைக்கு வயது பதினைந்து.

இளையோர் சுற்றுப்போட்டி என்பது பிள்ளைகள் ஆடவும், தோற்கவும், தோற்ற பிறகு மறுபடி ஆடவும் பழகுவதற்கான இடம். அதைக் காட்டிப் பிள்ளைகளை வெட்கப்படுத்தும் உரிமை எந்தப் பெரியவருக்கும் கிடையாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதற்குமேல் வருவதில் என் கோபமும் கலந்திருக்கும். விரும்பாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

பதினேழு வயதுக்கு உட்பட்டோருக்கான தெற்காசியக் கால்பந்துச் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்தைப் பிள்ளைகளுக்குப் பெரிய திரையில் காட்டவேண்டும் என்று முதலில் கேட்டவன் நான்தான். ஏழு நாட்டு அணிகளும் நம் கொழும்புக்கே வந்து ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஆடும்போது, திருகோணமலைப் பிள்ளைகள் அதைக் கைபேசியின் உள்ளங்கையளவு திரையில் பார்க்கவேண்டுமா என்பது என் எண்ணம். திரைக்குச் சீலை கட்டினோம். கச்சானின் கடைசிக் காற்றுக்கு அது புடைத்துப் புடைத்துக் கோல்கம்பம் வில்லாக வளைந்து தெரிந்தது. ஆனாலும் முன்வரிசையில் பாய்விரித்து அமர்ந்திருந்த எங்கள் கழகத்தின் இருபத்திரண்டு பிள்ளைகளும் அசையவில்லை. இந்தியா முன்னிலை பெறுவதும் வங்காளதேசம் சமன் செய்வதுமாக ஆட்டம் போய், முடிய வேண்டிய நேரமும் கடந்த பிறகு வங்காளதேசம் இரண்டாவது கோலைப் போட்டு 2-2 ஆக்கியபோது அவர்கள் எழுந்து நின்று கத்தியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கூச்சலை யாரும் படம் எடுக்கவில்லை. தண்டனை உதைகளில் இந்தியா 4-1 என்று வென்றது. “சேர், கோலி எந்தப் பக்கம் பாய்வார் என்று அடிக்கிறவர் எப்பிடிக் கண்டுபிடிக்கிறார்?” என்று ஒருவன் கேட்டான். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒலிவாங்கி, அன்றைய செலவை ஏற்ற பெரியவரின் கைக்கு மாறிவிட்டது.

அவர் பேசியதில் மூன்று விடயங்கள்தான் இருந்தன. இலங்கை ஒரு தடவைகூட இந்தக் கிண்ணத்தை வென்றதில்லை. கொழும்புப் பிள்ளைகளாலேயே முடியாததை நீங்களா செய்யப்போகிறீர்கள். பந்து சோறு போடாது. அத்துடன் விட்டிருந்தால் வழமையான மேடைப்பேச்சு என்று நானும் மறந்திருப்பேன். ஆனால் அவர் முன்வரிசையில் இருந்த ஒருவனை எழுப்பி, கணிதத்தில் எத்தனை புள்ளி என்று கேட்டார். அவன் சொன்னான். கூட்டம் சிரித்தது. “கோல் எண்ணிக்கை மாதிரி அல்லவா இருக்கிறது” என்று அவர் சொன்னதும் இன்னும் பலமாகச் சிரித்தது. உங்கள் கைபேசிகளில் சுற்றுவது அந்தச் சிரிப்புத்தான்.

முதலாவதற்கு வருகிறேன். இலங்கை வென்றதில்லை என்பது உண்மை. 2011 இல் பாகிஸ்தான், 2015 இலும் 2018 இலும் வங்காளதேசம், மற்ற ஒவ்வொரு முறையும் இந்தியா. ஒருமுறை பதினாறு வயது, இன்னொரு முறை பதினைந்து, பிறகு பதினேழு என்று சுற்றுப்போட்டியின் வயதெல்லைதான் மாறிக்கொண்டு வந்ததே தவிர, கிண்ணம் நம் பக்கம் வரவில்லை. சரி. ஆனால் நேபாளமும் வென்றதில்லை என்பதை ஒலிவாங்கி சொல்லவில்லையே. 2019 இல் கல்யாணியில் நடந்த இறுதியாட்டத்தில் நேபாளப் பிள்ளைகள் இந்தியாவிடம் ஏழு கோல் வாங்கினார்கள், ஒன்றும் திருப்பிப் போடவில்லை. ஏழு! 2022 இல் நம் கொழும்பில் மறுபடியும் இறுதிக்கு வந்து நான்கு கோல் வாங்கினார்கள். ஏழு வாங்கிய நாட்டில் யாராவது ஒலிவாங்கியைப் பிடித்து, பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கணிதம் படியுங்கள் என்று சொல்லியிருந்தால், அடுத்த முறை இறுதிக்கு வந்த பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்? இளையோர் சுற்றுப்போட்டியில் தோற்பது குற்றமில்லை. இதை நான் பத்துத் தடவை எழுதுவதாக நீங்கள் நினைத்தால், பதினோராவது தடவையும் எழுதுவேன்.

“சின்ன நாடு, நாம் என்ன செய்வது?” என்று பின்னூட்டத்தில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். நம்மைவிடச் சின்ன நாடுகளைப் பற்றி அவருக்கு ஒரு நினைவூட்டல். ஐந்து இலட்சம் பேரளவில் வாழும் மாலைதீவு 2008 இல் பெரியவர்களுக்கான தெற்காசியக் கிண்ணத்தை வென்றது. அந்த இறுதியாட்டமும் கொழும்பில்தான் நடந்தது, தோற்றது இந்தியா. 2018 இலும் அதே மாலைதீவு அதே இந்தியாவை வென்றது. எட்டு இலட்சம் பேர்கூட இல்லாத பூட்டான், உலகத் தரவரிசையின் கடைசிப் படியில் இருந்துகொண்டு, 2015 மார்ச்சில் உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்திற்குக் கொழும்பு வந்து நம்மை 1-0 என்று வென்றது. திம்புவில் மறுபடியும் 2-1 என்று வென்றது. அதே பூட்டான் 2023 இலும் 2024 இலும் இந்த இளையோர் சுற்றுப்போட்டியைத் தன் வீட்டிலேயே நடத்தியது. நாடு சின்னது என்றால் கனவும் சின்னதாக இருக்கவேண்டும் என்று அங்கே யாரும் பேசவில்லை போலும். (அங்கே ஆடுகிறவர்களுக்கெல்லாம் உண்மையில் பதினேழு வயதுதானா என்று மீசையை வைத்து வயது அளக்கும் நண்பர்களுக்கு ஒன்று: உலகக் கால்பந்துச் சம்மேளனமான பீபா 2009 இல் தன் பதினேழு வயது உலகக் கிண்ணத்திற்கு மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. படம் எடுத்து வயதைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. மீசையை அல்ல.)

பந்து சோறு போடாது என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. யாரும் அதனிடம் சோறு கேட்கவில்லை. மாலை நாலரை முதல் ஆறு மணி வரை ஒரு பிள்ளை ஓடினால் அவனுடைய சாதாரண தரப் பரீட்சை கவிழ்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள், அதே பிள்ளை அதே நேரத்தில் கைபேசியை நோண்டிக்கொண்டு படுத்திருக்கும்போது கணிதப் புள்ளி கேட்பதில்லை.

இப்போது அந்தப் பெரிய கேள்வி. “அவர்தானே புரொஜெக்டர் வாடகை கொடுத்தார், அவர்தானே பற்றீஸும் தேநீரும் கொடுத்தார், அவர்மீது இப்படி எழுதலாமா?” ஆம், கொடுத்தார். அதற்கு அன்றே கைகூப்பி நன்றி சொன்னேன், இன்றும் சொல்கிறேன். கழகத்தின் வலையும் இரண்டு வருடங்களுக்கு முன் அவர் வாங்கிக் கொடுத்ததுதான், அதையும் மறைக்கவில்லை. நம் ஊரில் இளையோர் விளையாட்டு இப்படித்தான் நடக்கிறது: யாரோ ஒரு நல்ல மனிதரின் சட்டைப்பை திறக்கும் வரை பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஆனால் ஐயா, பற்றீஸ் தின்ற பிள்ளை அதற்கு விலையாகத் தன் கணிதப் புள்ளியை நூற்றைம்பது பேருக்கு முன்னால் சொல்லவேண்டும் என்று முன்பே தெரிந்திருந்தால், பயிற்றுநர் என்ற முறையில் நானே அவர்களுக்கு வீட்டில் சாப்பிட்டு வரச் சொல்லியிருப்பேன். நீங்கள் கெட்டவர் என்று நான் எங்கும் எழுதவில்லை. நன்மைக்குத்தான் சொன்னேன் என்று நேற்று இன்னொருவரிடம் நீங்கள் வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். நன்மைக்குச் சொல்கிறவர்கள் பிள்ளையைத் தனியே கூப்பிட்டுச் சொல்வார்கள். ஒலிவாங்கியில் சொன்னால் அது பிள்ளைக்காகச் சொன்னதாகாது, கூட்டத்திற்காகச் சொன்னதாகும். எழுபது வயதுக்காரருக்கு இதை நாற்பத்தைந்து வயதுக்காரன் எழுதவேண்டி வந்ததில் எனக்கும் கூச்சம்தான்.

நாற்பத்தைந்து என்று எழுதியதும் பழையது ஒன்று நினைவுக்கு வருகிறது. 1995 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை. கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவை 1-0 என்று வென்றது. இன்று வரை நம் நாட்டின் தேசிய அணி வென்ற ஒரேயொரு தெற்காசியக் கிண்ணம் அதுதான். எனக்கு அப்போது பதினைந்து வயது. யுத்த நிறுத்தம் இருந்த காலம், வீதிகள் திறந்திருந்தன, எங்கள் பயிற்றுநர் மே மாதம் என்னையும் இன்னும் இருவரையும் கொழும்புக்கு ஆடக் கூட்டிச் செல்வதாக இருந்தார். அப்பா எனக்குப் பழைய பூட்ஸ் ஒரு சோடி வாங்கித் தந்திருந்தார். நான் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து அம்மாவிடம் ஏச்சு வாங்கினேன். ஏப்ரல் 19 அன்று எங்கள் துறைமுகத்தில் இரண்டு கடற்படைக் கலங்கள் தகர்க்கப்பட்டன. யுத்தம் மறுபடி தொடங்கியது. வெற்றிக்கும் அந்த வெடிக்கும் இடையில் பதினேழே நாட்கள். அப்பா பூட்ஸை எடுத்துப் பரணில் வைத்தார். “ஆள் இருந்தால் பந்து பிறகும் விளையாடலாம், தம்பி” என்றார். பந்து எதற்கு என்று அவர் கேட்கவில்லை. என் கணிதப் புள்ளியையும் கேட்கவில்லை. அது கேட்கக்கூடிய அளவில் இருக்கவுமில்லை. இரண்டு வருடம் கழித்துப் பரணில் இருந்து இறக்கியபோது என் கால் அதற்குள் போகவில்லை.

இளையோர் விளையாட்டில் இருக்கும் கொடுமை இதுதான். பெரியவர்களின் அணி இந்த வருடம் ஆடாவிட்டால் அதே ஆட்கள் அடுத்த வருடம் ஆடலாம். பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. 2023 ஜனவரியில் வெளியார் தலையீடு என்று சொல்லிப் பீபா நம் நாட்டை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் இறுதியில்தான் தடையை நீக்கியது. அந்த வருடம் பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் குவைத்தும் லெபனானும் விருந்தினராக வந்து ஆடின, நாம் ஆடவில்லை. அதை எல்லோரும் பேசினோம். அந்த ஏழு மாதங்களில் பதினாறு வயதைக் கடந்துபோன பிள்ளைகளைப் பற்றி யார் பேசினோம்? அவர்களுக்கு யார் திருப்பித் தருவது? எனக்கு யுத்தம் பறித்தது. அவர்களுக்குப் பதவிக் கதிரைச் சண்டை பறித்தது. எங்கள் இருபத்திரண்டு பேருக்கு இப்போது யுத்தமும் இல்லை, தடையும் இல்லை; நமது சிரிப்பு மட்டும்தான் குறுக்கே நிற்கிறது.

கொழும்புப் பிள்ளைகளாலேயே முடியாதது என்ற வார்த்தைக்கும் ஒன்று சொல்லவேண்டும். இங்கிருந்து இரவுப் புகையிரதத்தில் ஏறி, கல் ஓயாவிலும் மாகோவிலும் தூங்கி விழுந்து, விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கி, முகம் கழுவிய ஈரத்தோடு மைதானத்திற்குப் போய், முந்தைய இரவு தன் கட்டிலில் தூங்கி எழுந்த பிள்ளையோடு நம் பிள்ளை ஓடுகிறான். பயிற்றுநர் புரியாத மொழியில் என்ன கத்துகிறார் என்று பக்கத்தில் நிற்பவனின் முகத்தைப் பார்த்து ஊகித்து ஓடுகிறான். அதற்குப் பிறகும் ஓடுகிறானே! இதைத் தெரிந்தவர்கள் ஊரில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் அந்தச் சிரித்த கூட்டத்தில் பாதிப்பேர் தேறுவார்கள். அதுதான் அதிகம் வலிக்கிறது.

கடைசியாக, எல்லோரும் காத்திருப்பதற்கு வருகிறேன். “காணொளியில் ஒரு நிமிடமும் பத்துச் செக்கனும் ஆகும்போது பயிற்றுநர் சேரும் சிரிக்கிறாரே” என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் படத்தை நிறுத்தி என் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டமும் போட்டிருக்கிறார். மிக்க நன்றி. அது மரியாதைக்கான சிரிப்பு என்று முதலில் பதில் எழுதினேன்; பிறகு அழித்தேன். மேடையில் பெரியவர் பகிடி விட்டால் பல்லைக் காட்டுவது நமக்கெல்லாம் பழக்கம், என் தாடை அதுவாகவே செய்துவிட்டது என்று எழுதினேன், அதையும் அழித்தேன். நான் சிரித்தேன். அவன் பயிற்றுநரைத்தான் முதலில் திரும்பிப் பார்த்தான். காணொளியில் அதுவும் தெரிகிறது, அதைச் சுற்றி யாரும் வட்டம் போடவில்லை.

நேற்றுத் திங்கட்கிழமை பயிற்சிக்குப் பதின்மூன்று பேர்தான் வந்தார்கள். அவன் வரவில்லை. அவன் வீட்டுக்குப் போனேன். “அவனுக்குக் காய்ச்சல், சேர்” என்று அவனுடைய அம்மா வாசலிலேயே சொன்னார். உள்ளே சுவரில் பந்து பட்டுத் திரும்பும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்தேன்.

அந்தக் காணொளியை வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள். நாளை நாலரைக்குப் பயிற்சி உண்டு. பந்துகள் மூன்றும் காற்று இறங்கிக் கிடக்கின்றன. பம்ப் சனிக்கிழமை இரவு சீலை கட்டிய இடத்தில் யாரோ எடுத்திருக்கிறீர்கள், கொண்டுவந்து தாருங்கள்.