‘வாஸ் டேக்கன் பிளேஸ்’ சரியா?

வெள்ளவத்தையில் நடந்த கூட்டத்தை ஆங்கிலத்தில் ‘த மீட்டிங் வாஸ் டேக்கன் பிளேஸ்’ என்று எழுத வேண்டும் என மேலேயுள்ள பதிவில் ஒருவர் சொல்லியிருக்கிறார். மன்னிக்கவும், அது பிழை. ‘த மீட்டிங் டுக் பிளேஸ்’ என்பதே சரி.

‘டேக்’ (எடு) தனியே நின்றால் அதைச் செயப்பாட்டுவினையாக மாற்றலாம். ‘டேக் பிளேஸ்’ என்ற மரபுத்தொடரோ ‘ஹப்பின்’ போல, ‘நடைபெறு’ என்று மட்டுமே பொருள்படும்; அதற்குச் செயப்பாட்டுவினை கிடையாது. ‘வாஸ் ஹப்பின்ட்’ என்று யாரும் எழுதுவதில்லையே. ‘வாஸ் ஹெல்ட்’ (நடத்தப்பட்டது) சரியாக இருப்பதால்தான் பெரும்பாலும் இந்தக் குழப்பம் வருகிறது. இனி நடக்கப்போகும் பரீட்சையைப் பற்றி எழுதும்போதும் ‘வில் டேக் பிளேஸ்’ போதும். நடுவில் ‘பி’ வேண்டாம்.

ஒக்ஸ்போர்ட் லேனர்ஸ் அகராதியில் ‘பிளேஸ்’ என்று தேடி, மரபுத்தொடர்ப் பகுதிக்குப் போய் எடுத்துக்காட்டைப் பாருங்கள். பிள்ளைகள் விடைத்தாளில் எழுதப்போகும் விடயம், தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள்.