ஃபயர்ரெட் வெறும் ‘கலர் அடித்த ரெட்’ அல்ல

“2004இல் வந்த போகிமான் ஃபயர்ரெட் வீடியோ கேம், 1996இன் போகிமான் ரெட் கேமுக்குப் படத்தை மட்டும் மாற்றியது, பழைய உத்திகளே போதும்” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. கதை பெரும்பாலும் அதேதான். சண்டைக் கணக்கு வேறு.

ரெட்டில் நெருப்பு, நீர், மின்சாரம் போன்ற தாக்குதல்களுக்கான ‘ஸ்பெஷல்’ திறன் ஒரே எண். அலகசாம் என்ற போகிமானுக்கு 135: அடிக்கவும் அதுவே, தாங்கவும் அதுவே. ஃபயர்ரெட்டில் அடிக்க 135, தாங்க 85தான். சான்சி என்ற போகிமானின் பாடு இன்னும் மோசம்: தாங்க 105 அப்படியே இருக்கிறது, அடிக்க வெறும் 35. பழையதில் ஃபோகஸ் எனர்ஜி என்ற உத்தியைப் போட்டால் கிரிட்டிக்கல் (கூடுதல் சேதம் தரும் அடி) வாய்ப்பு கூடாது, கால்வாசியாகக் குறையும். நிரல் பிழை! ரீமேக்கில் அது சரியாகிவிட்டது.

பேட்டரி தீர்ந்தால் சேவ் (சேமித்த ஆட்டம்) அழியும் என்பதும் பழைய கேம் கார்ட்ரிட்ஜுக்குத்தான். ஃபயர்ரெட், பேட்டரி இல்லாமலே தகவலைத் தக்கவைக்கும் ஃபிளாஷ் மெமரியில் சேமிக்கிறது. திறந்தால் உள்ளே பேட்டரி தெரிகிறதா? பெரும்பாலும் போலி.