மைனஸ் 19

(பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்புக்கு நடுவில் ஓர் ஓட்டு வீடு. ரோட்டிலிருந்து உள்ளே வர 600 மீட்டர் மண்தடம். திண்ணையில் ராமாத்தாள் சீமாறுக்கு ஈர்க்கு சீவிக்கொண்டிருக்கிறார். நெட் கனெக்‌ஷன் கொடுக்கும் செந்தில் பைக்கை நிறுத்திவிட்டு வருகிறார்.)

செந்தில்: ஏனுங் பெரீம்மா, நெட்டு வேணும்னு சொல்லி உட்டீங்களாமா?

ராமாத்தாள்: வா சாமி, உக்காரு. பேரன் பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலைல இருக்கறான். இங்க நெட்டு இருந்தா 2 மாசம் இங்கயே இருந்து வேலை பாக்கறானாமா. இல்லீன்னா நோம்பிக்கு ஒறம்பரையாட்ட வந்து ஒரு ராத்திரி தங்கிட்டுப் போயிருவானாமா. எவ்வளவு ஆனாலும் பரவால்ல. (ஈர்க்கைக் கீழே வைத்து) எவ்வளவு ஆகும்?

செந்தில்: மொதல்ல உங்க போனைக் குடுங்க. செட்டிங்ஸ்ல அபவுட் போன், அதுக்குள்ள சிம் ஸ்டேட்டஸ், அதுல சிக்னல் ஸ்ட்ரெங்த்... பாருங், மைனஸ் 113.

ராமாத்தாள்: மைனஸா? போன வாரந்தானே ரீசார்ஜ் பண்ணுனேன்!

செந்தில்: அது கடன் இல்லீங். சிக்னலோட பலம். மைனஸ் 85ன்னா நல்லாருக்குதுன்னு அர்த்தம். 100ஐத் தாண்டுனா இழுத்துக்கோ பறிச்சுக்கோதான். 113ல பேரன் வீடியோல பேசுனா வாய் தொறந்தாப்டியே நின்னுக்கும்.

ராமாத்தாள்: அப்பக் கடனாட்டத்தான். கொறையக் கொறைய நல்லது.

செந்தில்: (யோசித்து) ஆமாங், அப்படியே வெச்சுக்கலாம். இருங், தண்ணித்தொட்டி மேல ஏறிப் பாத்துட்டு வர்றேன்.

(ஏறி, நாலு மூலையிலும் ரெண்டு சிம்மையும் மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குகிறார்.)

செந்தில்: மேக்கால மூலைல மட்டும் 96 காட்டுது. 5ஜி வந்து வந்து போகுது.

ராமாத்தாள்: கூரைல தட்டை வெச்சுட்டா காத்துலயே நெட்டு வரும்னு டீக்கடைல சொன்னாங்களே?

செந்தில்: அது ஏர்ஃபைபருங். 2023லதான் வந்துச்சு. கேபிளே வேண்டாம், கூரைல ஒரு டப்பா, வீட்டுக்குள்ள ஒரு டப்பா. ஆனா டவருக்கும் டப்பாவுக்கும் நடுவுல எதுவும் மறைக்கக் கூடாது. 5ஜி ஓடறது பெரும்பாலும் 3,500 மெகாஹெர்ட்ஸ் பக்கம். அந்த அலை தென்ன ஓலையத் தாண்டறதுக்குள்ளயே பாதி செத்துரும். மழை பேஞ்சு ஓலை நனைஞ்சிருச்சுன்னா சுத்தம்.

ராமாத்தாள்: எந்த மரம் மறைக்குது?

செந்தில்: எந்த மரமா? ஒரு 40 மரம் நிக்குதுங்.

ராமாத்தாள்: ஒவ்வொரு மரமும் வருசத்துக்கு 100 காய் குடுக்குது. உன்ற டப்பா என்ன குடுக்கும்?

செந்தில்: வெட்டச் சொல்லலீங்! மரத்துக்கு மேல போற மாதிரி 70 அடிக்குக் கம்பம் நட்டு, இழுவைக் கம்பி கட்டி...

ராமாத்தாள்: இடி எறங்கறதுக்கு நானே ஏணி வெச்சுக் குடுக்கறதா? அடுத்ததைச் சொல்லு.

செந்தில்: சாட்டிலைட்டு நெட்டுன்னு ஒண்ணு இருக்குது. பல நூறு கிலோமீட்டர் மேல சுத்துது. அதுக்கும் வானம் நல்லா விரிஞ்சு தெரியோணும்.

ராமாத்தாள்: இந்தத் தோப்புல எனக்கே வானம் தெரிய மாட்டேங்குது. பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் கவர்மெண்டு கேபிள் வந்துருச்சாமே?

செந்தில்: பாரத்நெட்டுங். 2011ல ஆரம்பிச்ச திட்டம். நம்ம தமிழ்நாட்டுல மட்டும் 12,525 பஞ்சாயத்துக்குன்னு கணக்கு. ஆனா பஞ்சாயத்து ஆபீஸ்ல இருந்து உங்க வீட்டு ஆசாரத்துக்கு யாராவது இழுத்தாத்தானே ஆகும்? அந்தக் கடைசிக் கட்டந்தான் எல்லாத்துக்கும் சிக்கல். நம்ம கம்பெனி ஃபைபர் கேபிள் ரோட்டோரம் வரைக்கும் வந்துருக்குது. மேலத்தோட்டத்துக்காரர் வீட்டுல ஓடுது, விசாரிச்சுப் பாருங்.

ராமாத்தாள்: நேத்து ராத்திரி 8 மணிக்கே போயி உக்காந்து பாத்துட்டு வந்துட்டேன்.

செந்தில்: 8 மணிக்கா?

ராமாத்தாள்: காலைல 6 மணிக்கு எவன் நெட்டும் வேகமாத்தான் ஓடும். ஊரே சீரியல் பாக்கறப்ப ஓடுதான்னுதானே பாக்கோணும்?

செந்தில்: (மெதுவாக) நீங்க ஏன் பெரீம்மா இந்தத் தொழிலுக்கு வரலை...

ராமாத்தாள்: ஒரு கேபிளை எத்தன வீட்டுக்குப் பிரிக்கற?

செந்தில்: நீங்க சொட்டுநீர் போட்டிருக்கீங்கல்ல, அதேதான். மெயின் பைப்பு ஒண்ணு, அதுல வர்றது 2.5 ஜிகாபிட். ரோட்டோரப் பெட்டில அதை 32 வீட்டுக்குப் பிரிப்போம். அந்தப் பெட்டிக்குக் கரண்டே வேண்டாம், உள்ள வெறும் கண்ணாடிதான்.

ராமாத்தாள்: பிரிச்சா பிரசர் கொறையுமே.

செந்தில்: வெளிச்சம் கொறையுங். ஆபீஸ்ல கெளம்பறப்ப டெசிபல் கணக்குல ப்ளஸ் 3. பெட்டி 17ஐத் தின்னுரும். 4 கிலோமீட்டர் கேபிளு ஒண்ணேகாலு. ஜாயிண்டு, கனெக்டர் எல்லாஞ் சேந்து இன்னும் 3 போகும். உங்க வீட்டுக்கு மைனஸ் 18, 19 வரோணும்.

ராமாத்தாள்: மறுபடியும் மைனஸா.

செந்தில்: இது வேற கணக்குங். 27 வரைக்கும் தாங்கும், அதுக்குக் கீழ எறங்குனா வீட்டுல மாட்டற நெட் டப்பால லாஸ்னு செவப்பு லைட்டு எரியும். மைனஸ் 8ஐ விட அதிகமா வந்தாலும் ஆகாது, டப்பாக்குக் கண்ணு கூசிரும்.

ராமாத்தாள்: சரி, 600 மீட்டருக்கு எப்படி இழுக்கறது? மரத்துக்கு மரம் கட்டிக்கோ. கம்பம் நடற செலவு மிச்சம்.

செந்தில்: அந்தத் தப்பை மட்டும் பண்ண மாட்டனுங். காத்துக்கு மரம் ஆடும், ஆட ஆடக் கேபிள் கட்டுன எடத்துல அறுக்கும். அது கூடப் பரவால்ல. 45 நாளைக்கு ஒருக்கா காய் போடறீங்களே, கொலை நேரா எங்க விழும்?

ராமாத்தாள்: கேபிள் மேல.

செந்தில்: மட்டை விழும், அணில் கடிக்கும், வைக்கோல் லாரி வந்தா இழுத்துட்டே போயிரும். மண்ணுக்குள்ளதான் போடோணும். 32 எம்எம் எச்டிபிஇ பைப்பு, 100 மீட்டர் சுருள் 6.

ராமாத்தாள்: சொட்டுநீர் போட்டப்ப மிஞ்சுன சுருள் 2 சாளைல கெடக்குது. 4க்குத்தான் காசு.

செந்தில்: (பெருமூச்சு) சரிங். குழி ரெண்டரை அடி. ரொட்டவேட்டர் முக்கா அடிக்கு மேல போகாது, ஆனா நீங்க எரு வெக்க மரத்தைச் சுத்தி வட்டப்பாத்தி வெட்டுவீங்க. அதனால மரத்துக்கு 6 அடி தள்ளியே ஓட்டோணும். பைப்புக்குள்ள மொதல்லயே நைலான் கயிறு போட்டு வெச்சரோணும், கேபிளை அதுல கட்டி இழுக்கோணும். முக்கியமா ஒண்ணு, முக்குல எல்போ போடாதீங்க. தண்ணி திரும்பும், கேபிள் திரும்பாது. பைப்பையே பெருசா வளைச்சுக் கொண்டு போங்க.

ராமாத்தாள்: எலி கடிக்குமே, இரும்பு சுத்துன கேபிள் போடேன்.

செந்தில்: பைப்புக்குள்ள போறதால வேண்டாங். இரும்பு இருந்தா இடி விழுந்தப்ப அதுவே வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்துரும். உள்ள கம்பி இல்லாத எஃப்ஆர்பி கேபிள் போதும். ரெண்டு கோர் போடறேன், ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும். ரெண்டு முனைலயும் 10 மீட்டர் சுருட்டி வெக்கறேன், பின்னால அறுந்தா வெட்டி ஒட்டறதுக்கு. உள்ள வெக்கற கனெக்டர் பச்சைக் கலரு. பச்சைக்குப் பச்சைதான் சொருகோணும். நீலத்தோட சேத்துச் சொருகுனா வெளிச்சம் பாதி அங்கயே செதறிரும்.

ராமாத்தாள்: வேகம் எவ்வளவு?

செந்தில்: 100 எம்பிபிஎஸ்.

ராமாத்தாள்: பேரன் படம் எறக்குனா நொடிக்கு 100 எம்பி வருமா?

செந்தில்: (தயங்கி) 8 பிட்டு சேந்தாத்தானுங் ஒரு பைட்டு. பன்னண்டரை வரும்.

ராமாத்தாள்: 100ன்னு சொல்லிப் பன்னண்டரை ஊத்தறீங்களா! பால் சொசைட்டிக்காரன் தேவலை.

செந்தில்: ஆபீஸ் வீடியோவுக்கு 4 எம்பிபிஎஸ் போதுமுங். 30 பிளான் எடுத்தாலே வீடே ஓடும். அதை விடக் கரண்டுதான் பாக்கோணும். டப்பா மோட்டார் லைன்ல வேண்டாம், வீட்டு லைன்ல போடுங்க. ஒரு மினி யூபிஎஸ் வாங்கிக்கோங்க, 12 வோல்ட். அட்டைல 8,800 எம்ஏஎச்னு பெருசாப் போட்டிருப்பான், அது 3.7 வோல்ட் செல்லுக்கு, 12 வோல்ட்டுக்கு ஏத்துனா கொறஞ்சு போயிரும். டப்பாக்கு 3 மணி நேரம் வந்தாப் பெருசு. மாசத்துக்கு ஒரு நாள் ஈபில 9ல இருந்து 5 வரைக்கும் நிறுத்துவாங்கல்ல, அன்னிக்கு இன்வெர்ட்டர்தான்.

ராமாத்தாள்: டப்பாவைப் பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிரலாமில்ல? வெலை ஒசந்த பொருளு.

செந்தில்: இரும்பு பீரோவுக்குள்ளயா? வைஃபை உள்ளயே குடும்பம் நடத்தும், வெளிய வராது பெரீம்மா! உங்க செவுரு வேற ரெண்டடி மண் செவுரு. ஆசாரத்துல நெஞ்சளவு ஒசரத்துல வெக்கலாம். பேரன் இருக்கற ரூமுக்கு கேட்6 நெட் வயரு தனியா ஒண்ணு இழுத்துரலாம்.

(எட்டு நாள் கழித்து. பைப் புதைத்தாகிவிட்டது, நேற்றே கேபிளும் இழுத்தாகிவிட்டது. செந்தில் டப்பாவை மாட்டுகிறார். சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது.)

செந்தில்: நேத்து நான் பாத்தப்ப 19 இருந்துச்சே... (மீட்டரைச் செருகி) மைனஸ் 29!

ராமாத்தாள்: ஒரே ராத்திரில 10 ரூவா கடனா?

செந்தில்: கேபிளை யாராவது தொட்டீங்களா?

ராமாத்தாள்: நான் ஏன் தொடறேன். லொடலொடன்னு தொங்கிட்டிருந்துச்சு, வளையலளவுக்குச் சுருட்டி ஆணில மாட்டி, ஈர்க்கால மடங்கற மாதிரி இறுக்கி ஒரு கட்டுக் கட்டுனேன். அம்புட்டுத்தான்.

செந்தில்: (ஆணியிலிருந்து எடுத்து, ஈர்க்கை அறுத்து, சாப்பாட்டுத் தட்டளவு வட்டமாக விரித்து விடுகிறார்) உள்ள இருக்கறது தலைமுடியளவு கண்ணாடி பெரீம்மா. இறுக்கி வளைச்சா வெளிச்சம் ஓரத்துல வழிஞ்சு போயிரும். இப்பப் பாருங்.

(விளக்கு பச்சையாகிறது. மீட்டர்: மைனஸ் 19.1.)

ராமாத்தாள்: பொழைச்சுது. பேரனுக்குப் போன் போடு.

செந்தில்: போடறனுங். அதுக்கு முன்ன, கேபிள், கூலி, டப்பா டெபாசிட்டு எல்லாஞ் சேத்து...

ராமாத்தாள்: என்ற பேர்ல மைனஸ்ல எழுதி வெச்சுக்கோ சாமி. 27 வரைக்கும் தாங்கும்னு நீதானே சொன்ன?